மேனேஜருக்கு ஓர் அருவி

கணவன் வீட்டை விட்டுப் போன நாளில் இரண்டு பெட்டிகள், ஒரு கிடார், தான் ஆசைப்பட்டு வாங்கிய காபி இயந்திரம் எல்லாவற்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். ஓணானை மட்டும் விட்டுவிட்டுப் போனான்.

அது வேலியில் திரிகிற சாதாரண ஓணான் இல்லை. தலையிலிருந்து வால் நுனிவரை மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. இலைப்பச்சை உடம்பு, முதுகு நெடுக சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை முள், கறுப்புப் பட்டை போட்ட வால். ஓடை ஓரத்து மரக்கிளைகளில் வாழ்கிற இனம். கடைக்காரர்கள் வாட்டர் டிராகன் என்பார்கள். கணவன் அதற்கு ஏதோ ஒரு சக்கரவர்த்தியின் பெயரை வைத்திருந்தான். அவள் வைத்த பெயர் மேனேஜர்.

"நாள் முழுக்க உசரத்துல உக்காந்துக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம, எல்லாரையும் முறைச்சுப் பாக்குது. வேற என்னன்னு கூப்பிடறது?" என்பாள்.

உண்மையைச் சொன்னால், அதை யாருக்காவது கொடுத்துவிடத்தான் அவளும் நினைத்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அந்தப் பெட்டியை யார்கிட்டயாவது தள்ளிவிடு. அதைப் பாத்துக்கறது உன்னால ஆகாது. ரெண்டு மாசத்துல செத்துடும்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு ஓணானைப் பார்த்தாள். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து அவளைப் பார்த்தது.

"கேட்டியா? ரெண்டு மாசமாம் உனக்கு."

கொடுத்துவிடும் யோசனை அந்த நிமிடமே போய்விட்டது.

மகள் தனியாக இருக்கக்கூடாது என்று அம்மா துணைக்கு வந்து சேர்ந்தாள். வந்த முதல் நாளே கூடத்தின் மூலையில் ஆளுயரத்துக்கு நின்ற கண்ணாடிக் கதவுப் பெட்டியைப் பார்த்துக் கையை மார்பில் வைத்துக்கொண்டாள்.

"அவனே போயிட்டான். அவன் வளர்த்த பல்லி எதுக்குடி?"

"பல்லி இல்லம்மா."

"சரி, முதலை. எதுக்குடி?"

"இருக்கட்டும்மா," என்றாள்.

ஓணானோடு வாழ்வதில் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. தண்ணீரில்தான் அது வெளிக்குப் போகும். பெட்டியின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தார்கள். குளிப்பது, குடிப்பது, கழிப்பது எல்லாம் அதே தொட்டியில். கணவன் இருந்தபோதும் தொட்டியைக் கழுவியது அவள்தான். அவன் ஓணானைத் தோளில் ஏற்றிக்கொண்டு வீடியோ எடுப்பான். இப்போது அவள் காலை ஐந்து மணி ஷிப்டுக்குக் கிளம்பும்போது ஒரு முறை தண்ணீரை மாற்றிவிட்டுப் போவாள். இரண்டு மணிக்குத் திரும்பி வருவதற்குள் வீடு நாறிக் கிடக்கும். அம்மா உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஒண்ணு அது இந்த வீட்டுல இருக்கணும், இல்ல எனக்கு மூக்கு இருக்கணும். ரெண்டும் சேர்ந்து இருக்க முடியாது," என்றாள் அம்மா.

அடுத்த வாரம் ஓணானின் வயிற்றுப் பக்கம் சிவப்பாகத் திட்டுத் திட்டாகத் தடித்தது. கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனாள். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தடவ ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார்.

"மருந்து போட்டா ஆறிடும். ஆனா மறுபடி வரும். அழுக்குத் தண்ணியில ஊறுது இது. இதுக்கு ஓடற தண்ணி வேணும்மா, சுத்தமான ஓடற தண்ணி. உங்களால அது முடியாதுன்னா, வசதி இருக்கறவங்ககிட்ட கொடுத்துடறது நல்லது."

முடியாது என்ற சொல்லை ஒரே மாதத்தில் இரண்டாவது ஆள் சொல்லிவிட்டார். திரும்பும் வழியெல்லாம் மடியில் கூடையை வைத்துக்கொண்டு அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலை நெருங்கும்போதுதான் அது உறைத்தது. தண்ணீரைச் சுத்தம் செய்வதுதானே அவள் பிழைப்பு?

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் அவள் டெக்னீஷியன். குடியிருப்பில் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள். சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை இயந்திரம் சுத்தம் செய்யும். அந்த இயந்திரத்துக்குத் தேவையான தண்ணீரை அவள் சுத்தம் செய்வாள். வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே வடிகட்டிகள் வரிசையாக நிற்கும். முதலில் மணல், அடுத்து கரி, அதற்கப்புறம் நுண்ணிய சவ்வு. வரிசை மாறினால் ஆள் செத்துப்போவான். தினமும் காலையில் முதல் நோயாளி படுப்பதற்கு முன்னால், தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்த்து அவள் தலையசைத்தால்தான் அந்த வார்டே ஓடும். பத்தொன்பது வருடமாக அவள் தலையசைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் மாலை வண்ணமீன் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவள் கேட்டதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரெடிமேடா இதுக்கு எதுவும் வராதும்மா. மீனுக்குத்தான் வரும். மீன் பண்ற அசிங்கம் வேற, இது பண்ற அசிங்கம் வேற."

"அப்ப நானே செஞ்சுக்கறேன்."

"தொட்டியில ஓட்டை போடணும், பைப் இறக்கணும். வீட்டுல ஆம்பளைங்க யாராவது இருந்தா..."

"ஓட்டை போட எதுக்குங்க ஆம்பளை? டிரில் மெஷின் போதும்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். ஒரு பம்பு, இரண்டு விதமான ஸ்பாஞ்சு, கரி, சின்னச் சின்ன வளையங்களாக இருக்கும் பீங்கான் துண்டுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பிறகு, மீன் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்தார். கறுத்து வழவழவென்று இருந்தது.

"இதையும் கொண்டு போங்க. பிழிஞ்சு உங்க வடிகட்டியில ஊத்துங்க. நல்ல கிருமி வளரும். கழிவைத் தின்னுறது அதுதான். ஆறு வாரம் பொறுக்கணும். நடுவுல அவசரப்பட்டுக் கழுவிடாதீங்க."

அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பத்தொன்பது வருடமாகத் தண்ணீரில் ஒரு கிருமிகூட இருக்கக்கூடாது என்று கொன்று குவித்த கை அது. இப்போது அதே கை, கறுத்த ஸ்பாஞ்சைக் குழந்தை மாதிரி ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறியது.

வேலை மூன்று வாரம் பிடித்தது. ஷிப்டு முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பெட்டியின் அகலத்துக்குச் சரியாக ஒரு கனமான தொட்டி வாங்கினாள். அதன் அடிப்பக்கம் ஓட்டை போட்டு வடிகுழாய் பொருத்தினாள். அழுக்கு அடியில் போய்த் தங்குவதால், அங்கிருந்துதான் தண்ணீரை இழுக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. பெட்டிக்கு வெளியே, இறுக்கமான மூடி போட்ட ஒரு டிரம்மை வடிகட்டியாக மாற்றினாள். கீழே பெரிய துளை ஸ்பாஞ்சு, அதன் மேல் சிறிய துளை ஸ்பாஞ்சு, அதன் மேல் பீங்கான் வளையங்கள், கடைசியில் கரி. அங்கிருந்து பம்பு தண்ணீரை மேலே தூக்கும். மேலே தட்டைக் கற்களைப் படிப்படியாக ஒட்டி, மூன்று இடத்தில் வளைந்து விழும்படி ஓர் அருவி.

முதல் வெள்ளோட்டத்தில் வடிகுழாய் ஒழுகியது. ரப்பர் வாஷரை உள்பக்கம் போடவேண்டிய இடத்தில் வெளிப்பக்கம் போட்டு, போதாக்குறைக்கு மரையை முறுக்கு முறுக்கென்று முறுக்கியிருந்தாள். துணியால் துடைத்து, பிரித்து, மறுபடி பூட்டினாள். இரண்டாம் முறை பம்பின் வேகம் தாங்காமல் அருவி கற்களைத் தாண்டி அம்மாவின் செருப்பில் போய் விழுந்தது.

"அருவி நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் குளிச்சாச்சு," என்றாள் அம்மா.

வேகத்தைக் குறைக்க நடுவில் ஒரு வால்வு வைத்தாள். மூன்றாம் முறை, தண்ணீர் கல்லை விட்டுப் பிரியாமல் வழுக்கிக்கொண்டு வந்து தொட்டியில் இறங்கியது. தொட்டியைச் சுற்றிப் பழைய செய்தித்தாளை விரித்து இரண்டு நாள் அப்படியே ஓடவிட்டாள். தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

மேனேஜருக்குத்தான் பிடிக்கவில்லை. புதிய சத்தத்தைக் கேட்டு அது மேல் கிளைக்கு ஏறி, பச்சை நிறம் போய்க் கறுத்து உட்கார்ந்துகொண்டது. பயந்தால் அப்படித்தான் நிறம் மாறும். நான்கு நாள் தண்ணீரில் இறங்கவில்லை. சில்வண்டு போட்டாலும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரும் பால் கலந்த மாதிரி கலங்கிக் கிடந்தது. ஐந்தாம் நாள் வார்டில் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும்போதுகூட அவள் நினைப்பெல்லாம் வீட்டில் இருந்தது. கணவன் சொன்னது பலித்துவிடுமோ என்று முதல் தடவையாகப் பயந்தாள்.

அன்று மதியம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அம்மா பெட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சாடை காட்டினாள்.

"பத்தரைக்கு இறங்குச்சு. தலையை மட்டும் வெளிய வச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் கிடந்துச்சு. அப்புறம் அதுபாட்டுக்குப் போக வேண்டியதைப் போயிட்டு மேல ஏறிடுச்சு." அம்மா மூக்கை இழுத்துக் காட்டினாள். "வாசனையே இல்ல பாரு."

அம்மா மூன்று மணி நேரமாக அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குப் புரிந்தது.

ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்தது. மருத்துவர் பார்த்த சிவப்புத் திட்டுகள் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த நேரத்தில்தான் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் வந்தது.

அவள் இருப்பது இரண்டாவது மாடி. அவளுக்கு நேர் கீழே, முதல் மாடியில் பாட்டு டீச்சர் இருந்தாள். நேர் மேலே, மூன்றாவது மாடியில் குடியிருப்போர் சங்கத்தின் செக்ரட்டரி. செக்ரட்டரி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யாரிடம் பேசினாலும், எதிரில் இருப்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பதாகவும் தன் காலடியில் தனி பிரேக் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டுதான் பேசுவார்.

பாட்டு டீச்சரின் கூரையில் ஈரம் பரவிய மூலை, ஓணான் பெட்டி நின்ற மூலைக்கு நேர் கீழே இருந்தது. செக்ரட்டரிக்கு அது போதுமானதாக இருந்தது. ஒரு மாலை கதவைத் தட்டி, உள்ளே வராமலே எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், வீட்டுக்குள்ள அருவி விட்டிருக்கீங்களாமே?"

"ஆமாங்க. வந்து பாருங்க."

"நான் பாக்க வேண்டியதைக் கீழ் வீட்டுலயே பாத்துட்டேன். தண்ணி ஒழுகுது. இதை முதல்ல நிறுத்துங்க. அப்புறம் அந்த ஜந்துவை வெளிய அனுப்புங்க."

"என் தொட்டி ஒழுகலைங்க. அடியில காகிதம் விரிச்சுப் பாத்திருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க," என்று சொல்லிவிட்டு அவர் படியேறினார்.

இரண்டு நாள் கழித்து, அவள் ஆஸ்பத்திரியில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது கணவனிடமிருந்து போன் வந்தது. பிரிந்துபோன பிறகு அவன் பேசுவது அதுதான் முதல் முறை.

"செக்ரட்டரி கூப்பிட்டாரு," என்றான். "ஏதோ தண்ணி பிரச்சினையாம். உன்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்லன்னு என்கிட்ட சொல்றாரு. நான் ஒரு ஆளை அனுப்பறேன். வந்து எடுத்துட்டுப் போகட்டும்."

அவளுக்குக் காது சுட்டது. அவள் வீட்டு விஷயத்தை, வீட்டை விட்டு ஓடிப்போனவனிடம் போய்ப் பேசியிருக்கிறார் அந்த மனிதர்.

"எதை எடுத்துட்டுப் போகணும்?"

"ஓணானைத்தான். அது என்னோடது தானே?"

"அதுக்கு என்ன சாப்பாடு போடறேன்னு சொல்லு."

"என்ன?"

"வாரத்துல எத்தனை நாள், எது போடறேன்? பயந்தா என்ன நிறமாகும்? எந்தப் பக்கத்து வயித்துல புண்ணு வந்து ஆறுச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லு. நானே பார்சல் கட்டி அனுப்பறேன்."

"நீ எப்ப இப்படிப் பேச ஆரம்பிச்சே?" என்றான்.

"நீ போன அப்புறம் வீட்டுல நிறைய இடம் இருக்கு. பேசிப் பழகினேன்," என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கதவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. 'பிற குடியிருப்போருக்கு இடையூறாக வைத்திருக்கும் ஊர்வனவற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் ஏழு நாட்களுக்குள் அப்புறப்படுத்தவேண்டும்.' கீழே செக்ரட்டரியின் கையெழுத்து, பெரிதாக, சுழித்து.

அம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஊர்வனவாமே? ஒருமையில எழுதக்கூடத் தெரியல."

அவள் நேராகக் கீழே போய்ப் பாட்டு டீச்சரின் கதவைத் தட்டினாள். டீச்சர் சண்டைக்காரி இல்லை. ஆர்மோனியத்தின் மேல் பாலிதீன் மூடி, பக்கத்தில் ஒரு வாளியும் வைத்திருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நான் உங்க மேல புகார் எதுவும் கொடுக்கல சிஸ்டர். ஒழுகுதுன்னு மட்டும்தான் சொன்னேன்."

"எப்பப்ப ஒழுகுது டீச்சர்?"

டீச்சர் யோசித்தாள். "எப்பவும் இல்ல. புதன்கிழமை காலையில ஒரு பேட்ச் வரும், அப்ப சொட்டும். ஞாயித்துக்கிழமை காலையிலயும் சொட்டும். மத்த நாள் காஞ்சுடுது."

அருவி இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறது. ஒழுகினால் தினமும்தான் ஒழுகவேண்டும். அவள் மேலே வந்தாள். அடுத்த புதன்கிழமை ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். காலை எட்டரைக்கு, பெட்டிக்குப் பின்னால் இருந்த சுவரில் காதை வைத்தாள். மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே தண்ணீர் கடகடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி கடகட.

"அம்மா, இங்க வந்து காதை வையேன்."

அம்மா வைத்துப் பார்த்தாள். "யாரோ துணி துவைக்கறாங்க," என்றாள் உடனே.

இரண்டு மாதத்துக்கு முன்னால் செக்ரட்டரி வீட்டுச் சமையலறையை இடித்துக் கட்டியது இருவருக்கும் நினைவுக்கு வந்தது. பத்து நாள் மண்டையைக் குடைந்த சத்தம் அது. அப்போது வாஷிங் மெஷினின் கழிவுக் குழாயை அருகில் இருந்த மழைக் குழாயில் சொருகிவிட்டிருக்கிறார்கள். சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பழைய குழாய் அது. அவள் வீட்டுத் தரைக்கும் டீச்சர் வீட்டுக் கூரைக்கும் நடுவில் எங்கோ அதன் மூட்டு விட்டுப் போயிருக்கிறது.

தெரிந்துகொள்வது ஒன்று, நிரூபிப்பது இன்னொன்று. அதற்கும் வார்டுதான் வழி காட்டியது. அங்கே இயந்திரத்தில் ஒரு சின்னக் கண் உண்டு. ரத்தமும் தண்ணீரும் நடுவில் மெல்லிய சவ்வோடு அடுத்தடுத்து ஓடும். சவ்வு எங்காவது கிழிந்தால் தண்ணீரில் சிவப்பு தெரியும். இயந்திரம் உடனே அலறிவிடும். யார் சொல்வது உண்மை என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. நிறம் சொல்லிவிடும்.

ஆறாம் நாள் நோட்டீசுக்குக் கீழே அவள் ஒரு தாளை ஒட்டினாள். 'ஒழுகுவது என் தொட்டி என்று தெரிந்தால் நானே அகற்றிவிடுகிறேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு என் வீட்டில் சோதனை. எல்லோரும் வரலாம்.' கையெழுத்துக்குக் கீழே, அடைப்புக்குறி போடாமல், டயாலிசிஸ் டெக்னீஷியன் என்று தெளிவாக எழுதினாள்.

ஞாயிறன்று ஒன்பது பேர் வந்துவிட்டார்கள். பாதிப் பேர் ஓணானைப் பார்க்க வந்தவர்கள். அதைப் பார்க்க முடியாமல் ஏமாந்தார்கள், ஏனென்றால் மேனேஜர் குளியலறையில் வாளிக்குள் இருந்தார். ஸ்பாஞ்சுகளையும் பீங்கான் வளையங்களையும் முன்னாடியே எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே ஊறப்போட்டு வைத்திருந்தாள். ஆறு வாரம் வளர்த்த கிருமிகளைச் சாயத்துக்குப் பலி கொடுக்க அவளுக்கு மனமில்லை.

செக்ரட்டரி கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அவள் உணவுக்குப் போடும் சிவப்புச் சாயத்தை மூன்று பாட்டில் தொட்டியில் கொட்டிப் பம்பை முடுக்கினாள். அருவி சிவப்பாக இறங்கியது. யாரோ அய்யோ என்றார்கள்.

"டீச்சர் வீட்டுக் கூரைக்குக் கீழ வெள்ளைத் துணி கட்டியிருக்கு," என்றாள். "இது ஒழுகுதுன்னா அங்க சிவப்பு தெரியும். ரெண்டு மணி நேரம் பாப்போம்."

இரண்டு மணி நேரமும் பாதிக் கூட்டம் மாடிப்படியில் மேலும் கீழுமாக அலைந்தது. அம்மா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள், செக்ரட்டரிக்கும் சேர்த்து. பதினோரு மணிக்கு டீச்சர் துணியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள். பூ மாதிரி வெள்ளையாக இருந்தது.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு ஒழுகலன்னா என்னிக்கும் ஒழுகலன்னு ஆயிடுமா? சட்டம்னு ஒண்ணு இருக்கு. வீட்டுல கேக்க ஒரு ஆம்பளை இருந்திருந்தா, இந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்காது."

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். டீத் தட்டு இன்னும் கையில் இருந்தது.

"கேக்க ஆம்பளை இருந்தான் சார். ரெண்டு வருஷம் இருந்தான். அப்ப இந்தத் தண்ணி நாறிக் கிடந்துச்சு. இப்ப என் பொண்ணு இருக்கா. நேத்து வரைக்கும் இதுல முகம் பாக்கலாம் போல இருந்துச்சு. இதுல எது கூத்து?"

செக்ரட்டரி தட்டில் இருந்த டம்ளரைப் பார்த்தார்.

அவள் அலமாரியிலிருந்து துணிக்குப் போடும் நீலப் பாட்டிலை எடுத்தாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்? இதை உங்க வாஷிங் மெஷினுக்குள்ள ஊத்துவோம். இருபது நிமிஷம்தான்."

"என் வீட்டுல எதுக்கு? இன்னிக்கு நாங்க துவைக்கல."

"அது எனக்குத் தெரியும். வழக்கமா ஞாயித்துக்கிழமை துவைப்பீங்க. இன்னிக்கு மட்டும் துவைக்கல."

"இதெல்லாம் நடக்காது. நான் அனுமதிக்க மாட்டேன்."

அப்போது மாடிப்படியின் மேலிருந்து ஒரு குரல் கேட்டது. செக்ரட்டரியின் மனைவி, நெஞ்சு உயரத்துக்கு அழுக்குத் துணிக் கூடையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நாலு நாள் துணி சேர்ந்து கிடக்கு. நீங்க எல்லாரும் பேசி முடிக்கற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருக்கணுமா?" இறங்கி வந்து, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நீலப் பாட்டிலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இவருக்கு அன்னிக்கே பிளம்பர் சொன்னாரு, மழைக் குழாயில சொருகாதீங்க, தாங்காதுன்னு. கேட்டாத்தானே."

செக்ரட்டரி ஏதோ சொல்ல வந்தார். அவருடைய பிரேக் முதல் முறையாக வேலை செய்யவில்லை. மனைவி திரும்பிப் பார்க்காமல் மேலே போய்விட்டாள். டீச்சர் வெள்ளைத் துணியை மறுபடி கட்டக் கீழே இறங்கினாள்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கீழேயிருந்து டீச்சர் கத்தினாள். பாட்டு டீச்சராயிற்றே, கட்டிடம் முழுக்கக் கேட்டது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். வெள்ளைத் துணியின் நடுவில் ஒரு நீலப் பொட்டு விழுந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

நிறம் சொல்லிவிட்டது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் அவள் நினைத்து வைத்திருந்தாள். ஆனால் கூட்டம் கலையத் தொடங்கி, செக்ரட்டரியும் மெதுவாக நழுவப் பார்த்தபோது, படியில் குறுக்கே போய் நின்றாள்.

"சார், அந்த நோட்டீஸ்."

"எடுத்துடறேன் சிஸ்டர். இப்பவே கிழிச்சுடறேன்."

"கிழிக்க வேண்டாம். அது ஏழு நாள் என் கதவுல இருந்துச்சு. வர்றவங்க போறவங்க எல்லாரும் படிச்சாங்க. நீங்க தப்புன்னு ஒரு நோட்டீஸ் எழுதி, அதுவும் ஏழு நாள் இருக்கணும். கீழ, பொது போர்டுல. இனிமே என் வீட்டு விஷயம் எதுவா இருந்தாலும் என்கிட்ட பேசணும். வேற யாருக்கும் போன் போடக்கூடாது."

செக்ரட்டரியின் முகம் சுருங்கியது. டீச்சரும் இன்னும் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எழுதறேன்," என்றார்.

எழுதினார். 'தவறுதலாக' என்று ஒரு சொல்லைப் போட்டுத்தான் எழுதினார் என்றாலும் எழுதினார். அம்மா ஏழு நாளும் கடைக்குப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை நின்று படித்தாள். பிளம்பர் வந்து, சுவரை இடிக்க ஓணான் பெட்டியை நகர்த்தவேண்டும் என்றார். முடியாது என்றாள் அவள். பிளம்பர் தலையைச் சொறிந்துவிட்டு, செக்ரட்டரி வீட்டுப் பக்கமே இணைப்பைத் துண்டித்து, கழிவைப் புதுக் குழாயில் வெளிச்சுவர் வழியாக இறக்கினார். டீச்சரின் கூரை காய்ந்தது. டீச்சரும் அவளும் சேர்ந்து அதற்கு ஒரு சனிக்கிழமை வெள்ளையடித்தார்கள்.

சிவப்புத் தண்ணீரை வடித்து, தொட்டியை நாலு தடவை கழுவி, ஸ்பாஞ்சுகளையும் வளையங்களையும் பழைய இடத்தில் அடுக்கிப் புதுக் கரி போட்டபோது, தண்ணீர் இரண்டே நாளில் தெளிந்துவிட்டது. மேனேஜர் மூன்றாம் நாள் அருவிப் படிக்கட்டில் தலைகீழாக இறங்கி, விழுகிற தண்ணீரில் முகத்தைக் காட்டிக்கொண்டு கண்ணை மூடியது. வார்டில் இந்தக் கதையைச் சொன்னபோது, லாரி ஓட்டிக்கொண்டிருந்த ஒரு நோயாளி படுக்கையில் இருந்தபடியே கைதட்டப் போனார். ஊசி குத்திய கையை ஆட்டாதீங்க என்று அவள் அதட்டவேண்டியதாயிற்று.

கோடை முடியும்போது மேனேஜர் இன்னும் நாலு விரல்கடை நீண்டிருந்தது. திரும்பினால் வால் கண்ணாடியில் இடித்தது. ஒரு மாலை அவள் அளக்கும் டேப்பை எடுத்து, கூடத்துச் சுவரின் ஒரு முனையில் அம்மாவைப் பிடிக்கச் சொல்லி, மறுமுனை வரைக்கும் இழுத்தாள்.

அம்மா டேப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "முழுச் சுவருமா?"

"முழுச் சுவரும்."

"சோபாவை எங்க போடறது?"

"தூக்கிடலாம்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்று சொல்லிவிட்டு அம்மா டேப்பின் முனையைக் கட்டை விரலால் சுவரோடு வைத்து அழுத்திப் பிடித்தாள்.